முத்து கொணர்ந்த குருவி: வன்னிப் பெருநிலத்துப் பறவையறிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றை ஒரு பாடமாகப் பயில வருவோர்க்கு அரசரும் போரும் சாசனங்களுமே முதலில் எடுத்துக்காட்டப்படுகின்றன. குருவிக்கு வரலாறு உண்டோ என்று எவரேனும் வினவின் நண்பர் நகைப்பர். ஆயின் இங்கிலாந்து நாட்டிலே குருவிக்கு எழுதப்பட்ட கணக்கே உண்டு. 1566ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், விளைபொருளைக் காக்கும் பொருட்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, பழமரங்களின் மொட்டுகளைக் கொறிக்கும் 'புல்பிஞ்ச்' என்னும் செம்மார்புக் குருவியின் தலைக்கு ஒரு பென்னி விலை வைத்தது. ஊர்தோறும் தேவாலயப் பொறுப்பாளர்கள், கொண்டுவரப்பட்ட தலைகளை எண்ணிக் காசு கொடுத்து, அத்தொகையைக் கணக்கேட்டிற் பதிந்து வைத்தனர். கொல்வதற்காக எழுதப்பட்ட அவ்வேடுகளே எந்த ஊரில் எந்தப் பறவை மிகுந்திருந்தது என்பதை இன்று ஆய்வாளர்க்கு உரைக்கின்றன. அதே நாட்டில் 1979 முதல், ஆண்டுதோறும் தை மாதத்தில், மக்கள் தத்தம் வீட்டுத் தோட்டத்திலே ஒரு மணிநேரம் அமர்ந்து வந்து போகும் பறவைகளை எண்ணி அனுப்புகின்றனர். விலை வைத்த தலை இப்போது விருந்தினர் பட்டியலில் இடம்பெறுகின்றது.

புல்பிஞ்ச் நம் நாட்டிலே இல்லை. நம் முற்றத்திலே கொண்டைக்குருவி உண்டு. கூட்டமாய்த் திரிந்து கலகலக்கும் புலுனி உண்டு. செவ்வரத்தம் பூவிலே தலைகீழாகத் தொங்கும் தேன்சிட்டு உண்டு. வேலியோரத்திலே மெல்ல நடக்கும் செண்பகம் உண்டு. இவற்றுக்கு ஒரு கணக்கேடு நம்மிடம் உண்டா? வன்னிப் பெருநிலத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் இவ்வினா என்னைச் சில காலமாகத் தொடர்ந்து வருகின்றது. அதற்கு விடை தேடப் புகுந்த ஒரு மாணவனின் முயற்சியாகவே இக்கட்டுரையைக் கொள்ளுதல் வேண்டும்.

முதலில் ஊர்ப்பெயர்களை நாடுவோம். கிளிநொச்சி என்னும் பெயரிற் கிளியும் நொச்சியும் கூடி நிற்கின்றன. முல்லைத்தீவின் தெற்கே கொக்கிளாயும் கொக்குத்தொடுவாயும் அமைந்துள்ளன. இரண்டும் களப்பை அடுத்தவை, இரண்டிலும் கொக்கு நிற்பது இயல்பே. கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையிலுள்ள கொக்காவிலையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம் எனத் தோன்றும். ஆயினும் இங்கு ஒரு தடை உண்டு. மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலை கொக்கினாற் பெயர் பெற்றதன்று. கொக்கட்டி என்பது ஒரு மரம். ஊர்ப்பெயரிற் பறவையின் ஒலி கேட்கும் இடமெல்லாம் பறவை இருந்தது என முடிபு கட்டுதல் வரலாற்று மாணவனுக்குத் தகாது. வன்னியின் குளப்பெயர்களை எடுத்துப் பார்த்தால் மருது, விளா, புளி என மரங்களே முன்நிற்கின்றன. நம் முன்னோர் குளத்தை அதன் கரையில் நின்ற மரத்தினால் அடையாளம் கண்டனர். மரத்தில் வந்திருந்த பறவை நிலையில்லாதது என விட்டுவிட்டனர் போலும்.

எழுத்திலே வந்த முதற் பதிவுகள் பிறநாட்டார் செய்தவை. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் அவ்வாண்டின் இறுதியிற் கற்சிலைமடுவிலே தோற்கடிக்கப்பட்ட பின்னர், வன்னி ஆங்கிலேயரின் முழு ஆட்சிக்குள் வந்தது. போரும் காய்ச்சலும் உடைந்த குளங்களும் சேர்ந்து அந்நிலத்தை ஆளற்றதாக்கியிருந்தன. இந்நிலையில் 1846இல் இலங்கைக்கு வந்தவர் எட்கார் லியோபோல்ட் லெயாட் என்னும் ஆங்கிலேயர். அரசாங்கப் பணியிலே வடபகுதியிற் சில காலம் வாழ்ந்த இவர், தாம் சேகரித்த பறவைகளைப் பற்றி 1853, 1854ஆம் ஆண்டுகளில் இலண்டனிலிருந்து வெளிவந்த இயற்கை வரலாற்றுச் சஞ்சிகை ஒன்றிலே தொடராக எழுதினார். இலங்கைப் பறவைகள் பற்றிய ஒழுங்கான முதல் ஆய்வுகளுள் ஒன்று என அத்தொடரைச் சொல்லலாம்.

லெயாட்டின் குறிப்புகளிலே நம் உள்ளத்தைத் தொடுவது ஒரு சிறு குருவியின் பெயர். அக்குருவி பழுப்பு நிறத்தது. ஈப்பிடிப்பான் இனத்தைச் சேர்ந்தது. பெரிய கண்ணும் சிறிய உடலும் கொண்டது. பருத்தித்துறையிற் கிடைத்த அப்பறவையை அறிவியலுக்குப் புதியதெனக் கண்ட லெயாட், 1854இல் அதற்கு 'முத்துயி' என்னும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். முத்து என்பவர் அவருடைய ஊழியர். தம்மிடமிருந்த சிறந்த பறவைகளுட் பல முத்துவின் பொறுமையினாலும் விடாமுயற்சியினாலும் கிடைத்தவை என்னும் கருத்துப்பட லெயாட் நன்றியுடன் எழுதியுள்ளார். இன்று உலகெங்கும் பறவையியலார் அக்குருவியை 'மசிக்காப்பா முத்துயி' என்றே வழங்குகின்றனர். லெயாட்டின் மனைவியுடைய குடும்பப் பெயர் மலைநாட்டுக் கிளியொன்றுக்கு இடப்பட்டது. ஊழியரின் பெயர் ஈப்பிடிப்பானுக்கு இடப்பட்டது. முத்துவின் ஊர் எது, அவருக்குப் பறவை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார், அக்குருவியை அவர் தம் மொழியில் என்ன பெயரிட்டு அழைத்தார் என்பவை ஏட்டில் ஏறவில்லை. ஆங்கிலத்தில் 'அவன்', 'அவர்' என்ற வேறுபாடு இல்லாமையால் முத்துவைத் தமிழில் எழுதுவோர் எளிதாக 'அவன்' ஆக்கிவிடுதல் கூடும். நான் 'அவர்' என்றே எழுதுகின்றேன்.

இக்குருவி வடகிழக்கு இந்தியாவிலும் பர்மாவிலும் தென்சீனத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவின் மேற்கு மலைகளிலும் இலங்கையிலும் கழிப்பது. பருத்தித்துறை குடாநாட்டின் ஊர் அன்றோ, அதற்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என வினவலாம். வட கரையில் இறங்கும் பறவை தெற்கின் ஈரக்காடுகளை அடைய வேண்டுமாயின் வன்னிக் காட்டைக் கடந்து செல்வதே இயல்பு. ஒக்ரோபரில் நம் வளவுகளிலே வந்திறங்கி, காலையும் மாலையும் கூவி நேரம் சொல்லும் ஆறுமணிக்குருவியும் இவ்வாறே வடக்கிலிருந்து வருவது. களைத்துப்போய் வீட்டுக்குள் விழுந்த ஆறுமணிக்குருவியைச் சுளகால் மூடி வைத்து, விடிந்ததும் பறக்கவிட்ட அனுபவம் வன்னியிற் பலருக்கு உண்டு.

லெயாட்டுக்குப் பின்னர் இருவரைக் குறிப்பிடல் வேண்டும். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனென்ற், வடகாடுகளினூடாகப் பயணஞ் செய்து, சிதைந்து கிடந்த பதவியாக் குளத்தருகே கூழைக்கடாக்கள் மரங்களிலே கூடு கட்டியிருந்ததை வியந்து எழுதினார். மற்றையவர் வின்சென்ற் லெக். தஸ்மேனியாவிற் பிறந்து பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இங்கு பணியாற்றிய இவர், திருகோணமலையில் இருந்த காலத்தில் அயற் காடுகளையும் களப்புகளையும் நன்கு ஆராய்ந்தார். 1878 முதல் 1880 வரை வெளிவந்த அவருடைய 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களையும் கியூலெமன்ஸ் தீட்டிய வண்ணப்படங்களையும் கொண்ட பெருநூல். சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் கேட்டறிந்து எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவர் எவரிடம் கேட்டார்? வண்டிக்காரரிடமும் வேட்டைக்காரரிடமும் குளக்கட்டில் நின்ற சிறுவரிடமுமே கேட்டிருத்தல் கூடும். இவர்களின் முறையில் பறவையைக் காண்பது என்பது அதனைச் சுடுவதே. தோலை உரித்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டிய பறவையே அக்காலத்திற் சான்று. இங்கிலாந்துக் கணக்கேட்டின் பென்னியும் இலங்கைக் காட்டின் துப்பாக்கியும் ஒருவகையில் உறவினரே.

இந்நூல்களை வாசிக்கும் வன்னியான் ஒருவனுக்கு விளங்குவது யாதெனில், இவற்றிலே வன்னி என்பது காடும் குளமும் மட்டுமே. முற்றம் இல்லை. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, அவர்கள் கண்ட காலத்து வன்னியிற் குடிமனைகள் மிகச் சிலவே. உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூலும் சிதறிக் கிடந்த சிற்றூர்களின் சித்திரத்தையே தருகின்றது. இருபதாம் நூற்றாண்டிலே நிலை மாறிற்று. இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 1936இல், யாழ்ப்பாணத்து மக்கள் நெருக்கத்தைத் தணிக்கும் நோக்குடன், கிளிநொச்சியிற் குடியேற்றத் திட்டம் தொடங்கிற்று. பின்னர் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் திருத்தப்பட்டன. 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்த மக்களும் இங்கு குடியமர்ந்தனர். காடு வெட்டி, கிணறு தோண்டி, தென்னையும் மாவும் முருங்கையும் நட்டு வேலி அடைத்த பின்னரே நாம் 'வளவு' என்று சொல்லும் நிலம் பெருகிற்று. வளவு பெருகியதும் வளவின் பறவைகளும் பெருகியிருத்தல் வேண்டும். மைனாவும் காகமும் மனிதனைப் பின்தொடர்பவை. ஊர்க்குருவிக்கு மனிதன் வீடில்லாமல் வாழ்வே இல்லை. அதற்காக இறப்பிலே முட்டி கட்டி வைப்பதும், அது குடியிருக்கும் வீட்டை நல்ல வீடென எண்ணுவதும் நம்மிடையே நெடுநாள் வழக்கம். வன்னியின் முற்றத்துப் பறவைகளின் வரலாறு என்பது இவ்வகையில் வன்னியின் குடியேற்ற வரலாறேயாகும். இதனை எழுதியவர் எவரும் இல்லை என்றே தோன்றுகின்றது; எழுதப்பட வேண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எழுத்தில் இல்லாவிடினும் வாய்மொழியில் இது உண்டு. வயலில் இறங்கும் பன்றியைப் பற்றியும் குருவியைப் பற்றியும் வன்னி நாட்டார் பாடல்கள் பேசுகின்றன. குருவி அங்கே அழகுப் பொருளன்று. கதிரைக் கொண்டுபோகும் பகை. ஆட்காட்டியைப் பற்றிய பாட்டோ வேறு விதமானது. வெளியிலே தரையில் முட்டையிட்டு, இரைதேடப் போய் வலையிற் சிக்கிய தாய்ப்பறவை குஞ்சுகளை நினைந்து அழும் அப்பாட்டை நம்மிற் பலர் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருப்பர். ஆட்காட்டி உண்மையிலேயே கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிற் சிறு குழியிலே முட்டையிடும். ஆள் அணுகின் எழுந்து கத்தி வேறு திசைக்கு இழுத்துச் செல்லும். பாடலைக் கட்டியவர் இதனைக் கண்ணாற் கண்டவர். 1955இல் வெளிவந்த ஜி. எம். ஹென்றியின் வழிகாட்டி நூல் பறவைகளின் தமிழ்ப் பெயர்களையும் தருகின்றது. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஹென்றி தாமே படங்களையும் வரைந்தார். அந்நூலே நெடுங்காலம் இலங்கைப் பறவை ஆர்வலரின் கைந்நூலாயிற்று. ஆனால் அது ஆங்கில நூல். குளக்கட்டிற் பெயர் சொன்ன சிறுவன் தான் சொன்ன பெயரை அதில் வாசித்தல் அரிது.

இனி மரங்கொத்தியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற விரும்புகின்றேன். வன்னியின் இருப்பிடம் எத்தகையது என்பதை அதுபோல் விளக்கும் பறவை வேறில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனையிலும் தென்னையிலும் கொத்தும் மரங்கொத்தியின் முதுகு பொன்மஞ்சள் நிறமானது. அது தென்னிந்திய மரங்கொத்தியின் உறவினம். தென்னிலங்கையின் மரங்கொத்தியோ இரத்தச் சிவப்பு முதுகை உடையது, இலங்கைக்கே உரியது. பிரித்தானிய நூதனசாலையும் கொழும்பு நூதனசாலையும் கூடி நடத்திய பறவை ஆய்வின் அறிக்கையைத் தயாரித்த ஹியூ விசிலர், வடக்கின் பொன்முதுகு மரங்கொத்தியை ஒரு தனி உள்ளினமாகக் கொண்டு, யாழ்ப்பாணத்தின் பெயரால் 'ஜப்னென்சி' எனப் பெயரிட்டார். அறிக்கை 1944இல் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. முந்திய ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

வடக்கில் மஞ்சள், தெற்கிற் சிவப்பு எனின், இடையில் யாது? இடையிற் கிடப்பது வன்னியும் அதன் அயலும். அங்கே இரண்டும் சந்தித்து இணைகின்றன. மஞ்சளுமன்றிச் சிவப்புமன்றிச் செம்மஞ்சள் முதுகுடைய கலப்புப் பறவைகள் தோன்றுகின்றன. 2015, 2016ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் இக்கலப்பை விரிவாக எடுத்துரைத்தன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் பங்குகொண்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, சிவப்பு முதுகுடையது தனி இனமே என்பதற்குச் சான்று காட்டிற்று. இக்கலப்பு எவ்வளவு காலமாக நடைபெறுகின்றது, எல்லை தெற்கே நகர்கின்றதா வடக்கே நகர்கின்றதா என்பன போன்ற வினாக்களுக்கு நெடுங்காலத் தொடர் பதிவு வேண்டும். அங்கேதான் நம் வரலாறு குறுக்கிடுகின்றது.

பதிவுக்கான ஏற்பாடுகள் தெற்கிலே தொடர்ந்து வளர்ந்தே வந்தன. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றிற்று. 1976இற் கொழும்புப் பல்கலைக்கழகச் சூழலிற் களப் பறவையியற் குழு அமைந்தது. வன்னியின் கரையிலே சுண்டிக்குளம் 1938இலும் கொக்கிளாய் 1951இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டிருந்தன. ஆயின் 1983க்குப் பின்னர் தொலைநோக்குக் கண்ணாடியுடன் வன்னிக் காட்டில் நடப்பது எவர்க்கும் இயலாத செயலாயிற்று. கண்ணாடியைக் கழுத்தில் மாட்டியவனை எத்தரப்பினர் கண்டாலும் ஒற்றன் என்றே கொள்வர். ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடியது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. அதன் பின்னும் மிதிவெடி அகற்றப்படாத நிலத்திற் கால்வைக்க முடியவில்லை. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பறவைப் படங்களில் வன்னி வெற்றிடமாகவே இருந்தது எனலாம். 2015இற் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

வெற்றிடம் என்பது படத்தில்தான். அந்நிலத்தில் மக்கள் வாழ்ந்தனர், பறவைகளும் வாழ்ந்தன. என் அம்மம்மா முத்தையன்கட்டுப் பகுதியிற் காடு வெட்டிக் குடியேறிய தலைமுறையைச் சேர்ந்தவர். இரவிலே வெளியில் ஆட்காட்டி கத்தினால் விளக்கை அணைத்துவிடுவாராம். ஆள் நடமாட்டத்தை அது முதலிற் சொல்லிவிடும். அவர் ஏழுமுறை இடம்பெயர்ந்தார். இறுதி முறையில், 2009இல், எனக்கு ஐந்து வயது. செட்டிகுளத்திலே காட்டை வெட்டி அமைத்த முகாமிற் கூடாரத்துக்கு வெளியே அமர்ந்து, "காகத்தைத் தவிர ஒண்டும் இல்லை" என்று அவர் சொன்னதை அம்மா இன்றும் நினைவுகூர்வார். நாங்கள் மீளக்குடியமர்ந்தபோது வீட்டின் சுவர்கள் இரண்டே நின்றன. வளவின் தென்னைகளிற் பதினொன்று வட்டிழந்து மொட்டையாய் நின்றன.

பல்கலைக்கழகத்துக்கு வந்து, லெயாட்டின் முத்துவைப் பற்றி முதன்முதலாக வாசித்த ஆண்டின் மார்கழி விடுமுறையில், அவ்வளவிலே இரு வாரம் காலையும் மாலையும் அமர்ந்து பறவைகளைக் குறித்தேன். 27 இனங்கள் தேறின. அவற்றுள் ஒன்பதின் பெயரை நான் அறியேன். அம்மம்மா ஏழைச் சொன்னார். மொட்டைத் தென்னை ஒன்றிலே மரங்கொத்தி ஒன்று பொந்து தோண்டிக்கொண்டிருந்தது. முதுகின் மேற்புறம் மஞ்சளாயும் கீழே செல்லச் செல்லச் சிவப்பேறியும் இருந்தது. பேரறிஞர் கண்டறிந்த கலப்புப் பறவை எம் வளவிலே என்ற பூரிப்புடன் அம்மம்மாவை அழைத்துக் காட்டி, ஆய்வு முழுவதையும் விளக்கினேன். அவர் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தார்.

"உது இஞ்சை எப்பவும் வாறதுதானே மோனை. மஞ்சளும் வரும், சிவப்பும் வரும், ரெண்டுங்கெட்டதும் வரும். நாங்கள் காடு வெட்டேக்கையே நிண்டது. உங்கடை புத்தகக்காரர் இப்பதானோ கண்டவை?"

அவர் குடியேறிய ஆண்டை வினவி அறிந்து, குறிப்பேட்டில் அவர் கூறியவாறே எழுதி, அருகே நாளையும் இட்டேன். மொட்டைத் தென்னைகளை வெட்டிவிட்டு இளங்கன்று நட வேண்டுமென்று மாமா பல காலமாகச் சொல்லி வருகின்றார். கடந்த முறை வீடு சென்றபோது பத்தினைத் தறித்திருந்தார். பொந்துள்ளதை மட்டும் அம்மம்மா விடவில்லை. மரங்கொத்தி போய்விட்டது. பொந்திலே இப்போது கிளி குஞ்சு பொரித்திருக்கின்றது.